கட்சுனுமாவில் டீ கப்பில் ஒயின்

டோக்கியோவில், குறிப்பாக நிஷி-கசாயில் இருக்கும் நம்மவர்களுக்கு யாமனாஷி என்றால் ஃபுஜி மலைதான். ஊரிலிருந்து யாராவது வந்தால் நேராகக் கவாகுச்சி ஏரி, மலைக்கு முன்னால் ஒரு குடும்பப் படம், வரும் வழியில் அவுட்லெட் கடை. போகக்கூடாது என்று சொல்லவில்லை. அதே மாகாணத்தில், மலைகள் சூழ்ந்த கோஃபு தாழ்நிலத்தின் கிழக்கு ஓரத்தில் கட்சுனுமா என்று ஒரு ஊர் இருக்கிறது. ஜப்பானில் திராட்சை ஒயின் தொழில் வேர்விட்டது அங்கேதான். நவம்பர் நடுவில் போய்வந்தேன். அலுவலகத் தோழி ஒருத்திக்குப் பக்கத்து ஊரான என்சான் சொந்த ஊர். அவள் அம்மா இன்னும் அங்கே தோட்டம் வைத்திருக்கிறார். கூட்டிப்போனவள் அவள்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒயின் பற்றி அதிகம் தெரியாது. திராட்சை தெரியும். கம்பத்தில் எங்கள் வீட்டுக்குப் பன்னீர் திராட்சைப் பந்தல் இருக்கிறது. கவாத்து, மருந்தடிப்பு, வியாபாரி சொல்லும் விலை, இந்தப் பேச்சில்தான் வளர்ந்தேன். அதனால் இதில் "ஓக் மணம், வெண்ணெய் மணம்" என்று எதிர்பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

போகிற வழி எளிது. தோசாய் லைனில் நகானோ, அங்கிருந்து சூவோ லைனில் தகாவோ, பிறகு கோஃபு போகும் சாதாரண ரயில். நேரம் கூடும், காசு மிச்சம். தகாவோ தாண்டியதும் இடப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒட்சுகிக்கு அப்பால் சசாகோ சுரங்கப்பாதை வரும். 4,656 மீட்டர் நீளம். 1903-இல் திறந்தபோது ஜப்பானிலேயே நீளமானது. அது வருவதற்கு முன்னால் கட்சுனுமாவின் திராட்சையும் ஒயினும் சசாகோ கணவாய் ஏறித்தான் தலைநகருக்குப் போயாக வேண்டும். அடுத்தடுத்துச் சில சுரங்கங்கள். கடைசிச் சுரங்கத்திலிருந்து ரயில் வெளியே வந்ததும் இடப்பக்கம் முழுவதும் திறந்துவிடுகிறது. சரிவெல்லாம் பழுத்த மஞ்சளில் திராட்சை இலை, கீழே வீடுகள், எதிர்ப்பக்கத்தில் புதுப்பனி போட்ட தெற்கு ஆல்ப்ஸ் மலைத்தொடர். ஃபுஜி இங்கே தெரியாது, மிசாகா மலைகள் மறைத்துக்கொள்கின்றன. ஒரு வகையில் நல்லது, கூட்டம் இல்லை.

ஸ்டேஷன் பெயர் கட்சுனுமா-புதோக்யோ. 1913-இல் வெறும் கட்சுனுமாவாகத் திறந்து, 1993-இல் 'திராட்சை ஊர்' என்பதையும் பெயரில் சேர்த்துக்கொண்டார்கள். பக்கத்திலேயே பழைய ரயில் பாதையின் செங்கல் சுரங்கங்கள் இரண்டு இருக்கின்றன. ஓஹிகாகே சுரங்கத்துக்குள் நடந்து போகலாம், ஏறத்தாழ 1.4 கிலோமீட்டர், தண்டவாளம் அப்படியே கிடக்கிறது. அதை அடுத்த ஃபுகாசாவா சுரங்கத்தை 2005-இல் ஒயின் கிடங்காக மாற்றிவிட்டார்கள். மலைக்குள் வெப்பம் அவ்வளவாக ஏறி இறங்காது, ஏசி செலவு மிச்சம். உதவாமல் போன சுரங்கத்துக்கு இதைவிட நல்ல வேலை கொடுக்க முடியாது.

ஸ்டேஷனை விட்டு இறங்கியதும் பந்தல் ஆரம்பித்துவிடுகிறது. தோட்டம் என்று தனியாக ஓர் இடம் இல்லை. வீட்டு வாசல், தபால் நிலையத்தின் பின்புறம், கல்லறைத் தோட்டத்தின் ஓரம், எங்கே பார்த்தாலும் தலைக்கு மேல் கம்பி, கம்பியில் கொடி. ஐரோப்பாவில் வேலி மாதிரி வரிசையாக நிறுத்துவார்கள். இங்கே மழையும் ஈரமும் அதிகம் என்பதால் கொத்து மண்ணை விட்டு உயரத்தில், காற்றோட்டத்தில் தொங்க வேண்டும். மழைக்காலத்தில் ஒவ்வொரு கொத்துக்கும் மெழுகு பூசிய காகிதத்தில் சின்னக் குடை கட்டுவார்கள். ஒவ்வொன்றாக, கையால். நான் போனபோது அறுவடை முடிந்திருந்தது. தப்பிப்போன ஒன்றிரண்டு கொத்துகளின் மேல் அந்தக் குடைகள் நைந்துபோய்த் தொங்கின.

அப்பாவை வீடியோ காலில் கூப்பிட்டுக் காட்டினேன்.

"கல்தூணு இல்லையாம்மா? கான்கிரீட்டா? சரி, அடியக் காட்டு. அடுத்த செடி எங்க?"

நடந்தேன். இன்னும் நடந்தேன். அடுத்த அடிமரம் வரவேயில்லை.

"ஒரே கொடியாப்பா இவ்வளவு தூரம்?"

"அதத்தானம்மா நானும் கேக்குறேன்."

ஒரே கொடிதான். அடிமரம் என் இடுப்புத் தடிமன் இருந்தது. மேலே நான்கு பெரிய கிளைகளை நான்கு மூலைக்கும் பிரித்து, கீழிருந்து பார்த்தால் ஆங்கில எக்ஸ் எழுத்தாகத் தெரிகிற மாதிரி கவாத்து செய்து விரித்திருக்கிறார்கள். யாமனாஷியின் முறை அது. அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் கணக்குக்கு வந்தார். "வருஷத்துக்கு எத்தன காய்ப்பு?" ஒன்று என்றேன். "ஒண்ணா? அப்ப எப்படிம்மா கட்டுபடியாகும்?" கம்பத்துக்காரர் கேட்க வேறென்ன இருக்கிறது. எங்கள் பக்கம் கவாத்தை முன்பின் தள்ளிச் செய்து வருஷம் முழுக்க யாராவது ஒருவர் பந்தலில் பழம் இருக்கும்படி பார்த்துக்கொள்வோம். குளிரில் கொடி உறங்கிவிடும் ஊரில் அது நடக்காது.

அந்தப் பந்தலில் காய்ப்பது கோஷு என்ற ரகம். வெளிறிய ஊதாவில் கொஞ்சம் ரோஜா நிறம் கலந்த, தடித்த தோல் பழம். எப்படி வந்தது என்பதற்கு ஊரில் இரண்டு கதைகள். 718-இல் கியோகி என்ற துறவியின் தவத்தில் மருத்துவ புத்தர் கையில் திராட்சையோடு தோன்றினார் என்பது ஒன்று. 1186-இல் அமெமியா ககேயு என்பவர் மலையோரத்தில் வித்தியாசமான கொடியைக் கண்டு கொண்டுவந்து வளர்த்தார் என்பது இன்னொன்று. மரபணுவைச் சோதித்தவர்கள் மூன்றாவது கதை சொல்கிறார்கள்: பெரும்பங்கு ஐரோப்பிய திராட்சை இனம், மீதி சீனக் காட்டுத் திராட்சையின் ரத்தம். பட்டுப்பாதை வழியாக, போகிற போக்கில் கலந்து, நடந்தே வந்திருக்கிறது. மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான்.

நாங்கள் போன ஆலை ஒரு குடும்பத்துடையது. பெயர் வேண்டாம், வீட்டு முற்றத்தில் இருபது பேர் நின்றால் திணறிவிடுவார்கள். பழைய ஓட்டு வீடு, பின்னால் கொட்டகை, கொட்டகைக்கு அடியில் நிலவறை. ஒரு காலத்தில் அந்த நிலவறையே ஒயின் ஊற்றிவைக்கும் சிமெண்ட் தொட்டியாம். சுவரை உடைத்து வழிவிட்டு இப்போது புட்டி அடுக்குகிறார்கள். குனிந்து உள்ளே போனதும் அந்த வீட்டுப் பெரியவர் டார்ச்சைச் சுவரில் அடித்தார். சுவர் முழுக்க மினுங்கியது. கற்கண்டு காய்ச்சிய பானையின் உட்புறம் மாதிரி, விரல் கனத்துக்குப் படிகம். வருஷக்கணக்கில் ஒயினிலிருந்து பிரிந்து ஒட்டிய டார்டாரிக் உப்பு அது. தொட்டுப் பார்க்கச் சொன்னார். சொரசொரவென்று இருந்தது. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தால் புளிப்பு.

இந்த உப்புக்கு ஒரு கசப்பான சரித்திரம் உண்டு. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியக் கடற்படைக்கு நீருக்கடியில் வரும் நீர்மூழ்கிக் கப்பலின் சத்தத்தைப் பிடிக்கும் கருவி தேவைப்பட்டது. அதில் ரோஷல் உப்புப் படிகம் வேண்டும். அதைச் செய்ய டார்டாரிக் அமிலம் வேண்டும். அமிலம் ஒயினில் இருக்கிறது. அவ்வளவுதான், அரிசியே கிடைக்காத காலத்தில் யாமனாஷியில் ஒயின் உற்பத்தியை அரசாங்கமே முடுக்கிவிட்டது. அமிலத்தை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சிய திரவம் குடிக்கிற மாதிரி இருந்திருக்காது. அது யாருக்கும் கவலையாகவும் இருந்திருக்காது.

மேலே வந்து ருசி பார்த்தோம். யாமனாஷியில் அந்த வருஷத்துப் புது ஒயினை நவம்பர் 3-இல் இறக்குவார்கள், அதனால் மேசையில் புதுசும் பழசும் இருந்தன. கோஷு ஒயின் தண்ணீருக்குப் பக்கத்தில் நிற்கும் நிறம். பெரிதாக மணக்காது. நாரத்தையோ யூஸு எலுமிச்சையோ உரித்த கை மணம் லேசாக, பின்னால் தோலின் மெல்லிய துவர்ப்பு. முதல் வாயில் "இவ்வளவுதானா?" என்று தோன்றும். உலகமே வெகுகாலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த அடக்கத்தைக் குறை என்று நினைப்பது தவறு என்பது என் கட்சி. ஏன் என்று சாப்பாட்டுக்கு வரும்போது சொல்கிறேன்.

அடுத்து ஊற்றியது மஸ்கட் பெய்லி ஏ. சிவப்பு. முகர்ந்ததும் ஸ்ட்ராபெர்ரி மிட்டாய் மணம், ஆனால் அதற்கடியில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஏதோ ஒன்று. நீகாதாவில் கவாகாமி ஜென்பெய் என்பவர் 1927-இல் ஒட்டுச் சேர்த்த ரகம். ஒரு பக்கம் பெய்லி என்ற அமெரிக்கக் கலப்பினம், இன்னொரு பக்கம் மஸ்கட் ஹாம்பர்க். கம்பம் பன்னீர் திராட்சை என்று 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அந்த ரகமும் மஸ்கட் ஹாம்பர்க்தான். ஆக, கோப்பையில் இருந்தது எங்கள் வீட்டுப் பந்தலுக்கு மகன் முறை. பெரியவரிடம் சொன்னதும் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். உறவு என்றால் சும்மாவா.

ஊர் வரலாற்றுக்கு ஷாதோ மெர்சியான் என்ற ஒயின் கம்பெனியின் அருங்காட்சியகம் போதும். 1904-இல் கட்டிய மர ஆலை, அந்தக் கட்டிடமே பார்க்க வேண்டியதுதான். மேல்தொப்பியும் கோட்டுமாக இரண்டு இளைஞர்களின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இந்த ஊரில் பிரசித்தம். 1877-இல் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒயின் கம்பெனி ஆரம்பித்து, ஒயின் செய்யக் கற்றுவர பிரான்சுக்கு அனுப்பிய தகானோ மசனாரி, சுச்சியா தட்சுனோரி. ஒருவருக்கு 25 வயது, மற்றவருக்கு 19. பாஷை தெரியாது. த்ருவா ஊரில் தோட்டத்திலும் ஆலையிலும் வேலை பார்த்துக் கற்றுக்கொண்டு 1879-இல் திரும்பினார்கள். திரும்பிவந்து செய்த ஒயினை வாங்க ஆளில்லை. புளிப்பும் துவர்ப்பும் அப்போதைய ஜப்பானிய நாக்குக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1886-இல் கம்பெனி கலைந்தது. பின்னால் 1907-இல் வந்த அகாதாமா என்ற சர்க்கரை போட்ட ஒயின்தான் நாடு முழுக்க ஓடியது. இருந்தும் இந்த ஊர் விடவில்லை. சுச்சியா தொடர்ந்து ஒயின் செய்துகொண்டுதான் இருந்தார்.

1980-களில் இன்னொரு திருப்பம். கோஷு ஒயின் ஒல்லியாக இருக்கிறது என்ற குறைக்கு மெர்சியான்காரர்கள் ஒரு வழி கண்டார்கள்: நொதித்து முடிந்து அடியில் தங்கும் ஈஸ்டை வடித்துவிடாமல், குளிர்காலம் முழுக்க ஒயினை அதன் மேலேயே வைத்திருப்பது. கொஞ்சம் சதைப்பிடிப்பு வந்தது. அதை ரகசியமாக வைத்துக்கொள்ளாமல், போட்டியாளர்களான பக்கத்து ஆலைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்ததுதான் எனக்கு ஆச்சரியம். 2014-இல் லண்டன் டிகாண்டர் ஒயின் போட்டியில் கிரேஸ் ஒயின் ஆலையின் கோஷு தங்கம் வாங்கியபோது, அதற்குப் பின்னால் இப்படி எத்தனையோ பேர் கை இருந்தது.

புதோ நோ ஓகா என்ற குன்றின் மேல் நகராட்சியே நடத்தும் ஒயின் நிலையம் இருக்கிறது. தட்டையான சின்ன உலோகக் கிண்ணம் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி நிலவறைக்குள் இறங்கினால், சுமார் இருநூறு வகை, பீப்பாய்களின் மேல் திறந்து நிற்கும். கிண்ணம் உங்களுக்கே. நிறம் பார்க்க உதவும், மணத்துக்குச் சரிப்படாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் எனக்கு எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. மேலே வெந்நீர் ஊற்றுக் குளியல் உண்டு. குடித்துவிட்டு அதில் இறங்காதீர்கள், குளித்துவிட்டுக் குடியுங்கள். கார் ஓட்டிக்கொண்டு வராதீர்கள். இந்த நாட்டில் ஓட்டுபவர் மட்டுமல்ல, தெரிந்தே கூட உட்கார்ந்து வந்தவரும் ஊற்றிக்கொடுத்தவரும் மாட்டுவார்கள். சைக்கிளுக்கும் 2024 நவம்பரிலிருந்து கடுமையாக்கிவிட்டார்கள். நடந்தால் பிரச்சினையே இல்லை.

நடந்தே போகக்கூடிய இன்னொரு இடம் தைசென்ஜி. மேலே சொன்ன மருத்துவ புத்தர் கோயில். கையில் திராட்சைக் கொத்தோடு இருக்கும் மூலவரை எப்போதும் பார்க்க முடியாது, பேழைக் கதவு சாத்தியிருக்கும். பிரதான மண்டபம் 13-ஆம் நூற்றாண்டுக் கட்டிடம், தேசியப் பொக்கிஷம். 1868-இல் ஷோகுன் பக்கம் நின்ற வாள்வீரர் படையான ஷின்சென்குமியின் தலைவர் கொந்தோ இசாமி புதிய அரசுப் படையிடம் தோற்று ஓடியது இந்தப் பக்கம்தான். கோயிலே திராட்சை வளர்த்து ஒயினும் செய்து விற்கிறது. எனக்கு முதலில் திக்கென்றது. பழனியில் பஞ்சாமிர்தம் வாங்கிப் பழகிய கைதானே, வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் என்சானில் தோழி வீடு. திண்ணையில் அவள் அம்மா சீமைப்பனிச்சை, அதாவது பெர்சிமன் பழம், உரித்துக்கொண்டிருந்தார். கோஷு ஹ்யாகுமே என்ற பெரிய ரகம். மரத்தில் பழுத்தாலும் துவர்க்கும், காயவைத்தால்தான் தித்திக்கும். பறிக்கும்போதே காம்போடு ஆங்கில டி எழுத்து மாதிரி ஒரு துண்டுக் குச்சி விட்டு வெட்டுவார்கள், கயிறு அதில் மாட்டும். காம்பைச் சுற்றி ஒரு வட்டம், பிறகு மேலிருந்து கீழே நீள நீளமாகத் தோல். கத்தி நகரவில்லை, பழம்தான் நகர்ந்தது. கறை ஏறி அவர் விரல்கள் கறுத்திருந்தன. இறவாரத்தில் ஆரஞ்சு நிறச் சரம் சரமாகத் தொங்கியது. தோல் மாதிரி மேலே காய்ந்ததும் ஒவ்வொன்றையும் விரலால் அமுக்கிப் பிசைந்துவிட வேண்டுமாம், அப்போதுதான் உள்ளிருக்கும் சர்க்கரை வெளியே வந்து வெள்ளையாகப் பூக்கும். அதற்குப் பெயர் கொரோகாகி. என்சான் ஸ்டேஷன் பக்கத்தில் அதிமதுரம் வளர்த்த பழைய மாளிகை ஒன்று இருக்கிறது, அதன் முகப்பு முழுக்க இந்தச் சரம்தான்.

கையைக் கழுவிவிட்டு அம்மா உள்ளேயிருந்து ஒரு பெரிய புட்டி கொண்டுவந்தார். சாக்கே என்ற அரிசி மது நிரப்பும் 1.8 லிட்டர் புட்டி, உள்ளே கோஷு ஒயின். கூடவே பச்சைத் தேநீர் குடிக்கிற கைப்பிடி இல்லாத பீங்கான் கப்.

"ஒயின் கிளாஸ் இல்லையா, அம்மா?" என்று தோழி என் பொருட்டுக் கேட்டாள்.

"இருக்கு, அலமாரில. கழுவும்போது காம்பு உடைஞ்சிடும். இதுக்கு என்ன குறை?"

இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் அப்படித்தான். தோட்டக்காரர் திராட்சையை ஆலைக்குக் கொடுத்து ஒயினாக வாங்கிக்கொள்வது பழைய வழக்கம். அது வீட்டுச் சாப்பாட்டுக்கு, காட்சிக்கு இல்லை. தொட்டுக்கொள்ள முட்டைக்கோஸ் ஊறுகாய். பிறகு ஹோதோ: பட்டையான கோதுமை மாவுத் துண்டுகள், பரங்கிக்காய், வெள்ளைக் கிழங்கு, காளான், எல்லாம் மிசோ என்ற சோயா விழுதில் கொதித்து, பரங்கி கரைந்து குழம்பே மஞ்சளாகிவிடும். (சைவக்காரர்கள் கவனிக்க: குழம்பின் அடிச்சாறு பெரும்பாலும் காய்ந்த நெத்திலி.) அந்த மிசோவின் உப்பும் பரங்கியின் இனிப்பும் வாயில் இருக்கும்போது கோஷுவைக் குடித்தேன். காலையில் ஒன்றுமில்லாமல் தெரிந்த ஒயின் இப்போது சரியான இடத்தில் வந்து உட்கார்ந்தது. உப்பை மட்டுப்படுத்தியது, நாக்கைத் துடைத்துவிட்டது, அடுத்த கரண்டிக்கு இடம் விட்டது. பலமான ஒயினாக இருந்தால் இந்தச் சாப்பாட்டை அமுக்கியிருக்கும். தனியாக மேசையில் வைத்து மார்க் போட்டால் கோஷு தோற்றுப்போவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சோறு இல்லாமல் ரசத்துக்கு யாரும் மார்க் போடுவதில்லை.

அப்பாவின் "கட்டுபடியாகுமா" கேள்வியை அம்மாவிடம் போட்டேன். சிரித்தார். ஆகாதுதான். அதனால்தான் பக்கத்துத் தோட்டத்தில் கோஷுவை வெட்டிவிட்டு ஷைன் மஸ்கட் வைத்துவிட்டார்களாம். 2006-இல் பதிவான, கொட்டையில்லாமல் தோலோடு சாப்பிடும் பச்சைத் திராட்சை. டோக்கியோ கடைகளில் ஒரு கொத்தின் விலையைப் பார்த்து நான் நகர்ந்து போயிருக்கிறேன். ஒயின் ஆலை கோஷுவுக்குத் தரும் விலை அதன் பக்கத்தில் நிற்காது. வயதான விவசாயி, பின்னால் பார்த்துக்கொள்ள ஆளில்லை, இருக்கிற பந்தலில் எது காசு தருமோ அதைத்தானே வைப்பார். உலகம் கோஷுவைக் கொண்டாட ஆரம்பித்த நேரத்தில் ஆலைகளுக்குக் கோஷு பழம் தட்டுப்பாடு. 2018-லிருந்து 'ஜப்பானிய ஒயின்' என்று லேபிள் ஒட்ட வேண்டுமானால் பழம் முழுக்க உள்நாட்டில் விளைந்திருக்க வேண்டும் என்பது சட்டம். வெளியிலிருந்து சாறு வாங்கிச் சமாளிக்கும் பழைய வழி அங்கே செல்லாது.

"நீங்க வெட்டலையே?"

"அந்தக் கொடி நான் கல்யாணமாகி வந்தப்பவே பெரிசு" என்றார். "வெட்டினா அடிமரத்தை யாரு தோண்டுறது? எனக்கு முதுகு வலி."

போகிறவர்களுக்கு: அக்டோபர் முதல் சனிக்கிழமை திராட்சைத் திருவிழா, இரவு மலையில் தோரி, அதாவது ஷின்டோ கோயில் வாசல், வடிவில் நெருப்பு ஏற்றுவார்கள், ஊர் நிரம்பி வழியும். எனக்கு நவம்பர் வாரநாள்தான் பிடித்தது. ஒரு நல்ல கோஷு 2,000 யென்னை ஒட்டிக் கிடைக்கும்; ஆலை பெரியவரிடம் கேட்டால் "எதோடு சாப்பிடப் போகிறீர்கள்" என்றுதான் முதலில் கேட்பார். சாம்பாருக்கு என்றேன். யோசித்து, ஈஸ்டோடு கிடந்த வகையை எடுத்துக்கொடுத்தார். சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்.

கொடி உறங்கும் ஜனவரி, பிப்ரவரியில் இங்கே கவாத்து. கத்தரி பிடிக்கத் தெரியுமா என்று அம்மா கேட்டார், தெரியும் என்றேன். எக்ஸ் கவாத்து எங்கே வெட்டி எங்கே விடுவது என்று வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லி அப்பா இப்போதே நச்சரிக்க ஆரம்பித்துவிட்டார். எங்கள் வயல் கிழக்கு மூலையில் ஒரு கொடியில் செய்து பார்க்கப்போகிறாராம். வேண்டாம் என்றால் கேட்கமாட்டார்.